ஜாதகத்துக்கு முப்பத்துமூன்று கேள்வி

செங்கல்பட்டு,
18-6-1957

அன்புள்ள தம்பி ஜம்புலிங்கத்துக்கு அக்கா ஆசீர்வதித்து எழுதுவது. நீயும் உன் மனைவி மக்களும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம்.

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் காரியம், பல் துலக்கும் முன்பே உன் அத்தானுக்கு நாக்கை நீட்டிக் குழல்போலச் சுருட்டிக் காட்டியது. வைத்தியத்துக்கல்ல. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் மனிதரல்லவா, சென்னையில் ஏதோ அமெரிக்கப் பத்திரிகையைப் படித்துவிட்டு வந்தார். எந்தச் சேதியையும், அதைக் கண்டுபிடிக்க எத்தனை ‘ஆம், இல்லை’ கேள்வி வேண்டும் என்று எண்ணியே அளந்துவிடலாமாம். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவதெல்லாம், நாக்கு சுருளுமா சுருளாதா என்பது உட்பட, உடம்புக்குள் நான்கே எழுத்தில் எழுதியிருக்கிறதாம். எழுத்துக்கு இரண்டு கேள்வி போதுமாம். அன்று முதல் இந்த வீட்டில் நாங்கள் மனிதர்களாக இல்லை, அவர் நோட்டில் ஒன்றும் சுழியுமாக இருக்கிறோம். கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் பூவாயியை வாசலில் நிறுத்தி, கூடையைத் திறக்காமலே இன்ன மீன் என்று சொல்கிறேன் பார் என்று, செதில் உண்டா, மீசை உண்டா என ஆரம்பித்தார். ஐந்தாவது கேள்வியில் அவள், “இன்னா வாத்யாரே, தொறந்து பாத்தா ஆவாதா? நீ கேட்டு முடிக்கறதுக்குள்ள மீனு நாறிப்பூடும்” என்றாள்.

இதோடு போயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூடுவாஞ்சேரியிலிருந்து எங்கள் மகள் ரத்னாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் பயபக்தியோடு ஜாதகத்தை நீட்டினார். உன் அத்தான் அதை எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்து, லக்னமும் எட்டுக் கிரகமும் பன்னிரண்டு கட்டத்தில் எங்கெங்கே என்று கேட்டால் தீர்ந்தது, இதில் முப்பத்துமூன்று கேள்விக்கு மேல் சரக்கில்லை, கேதுவுக்குக் கேள்வியே வேண்டாம், ராகுவுக்கு நேர் எதிரே நின்றே தீர வேண்டியவன், கொசுவின் காலில்கூட இதைவிட அதிகம் எழுதியிருக்கும் என்று சொல்லி, மாப்பிள்ளையை நாக்கைச் சுருட்டச் சொன்னார். அந்தப் பிள்ளையும் நீட்டிற்று, சுருளவில்லை. மகனுக்கு உதவப்போய்த் தகப்பனாரும் வாயில் கேசரியோடு நீட்டினார். ரத்னா கூடம் அதிரச் சிரித்துவிட்டாள். சம்பந்தம் போயிற்று என்று நினைத்தேன். போகவில்லை. பெண் பிடித்திருக்கிறது, இன்டர்மீடியட்டோடு படிப்பை நிறுத்திவிட வேண்டும், அந்தச் சிரிப்பு கல்யாணத்துக்குப் பின் குறையும் என்று நம்புகிறோம் என்று நேற்றுக் கடிதம் வந்தது. அதே தபாலில் ரத்னாவுக்குச் சென்னையில் பி.எஸ்ஸி. இடம் கிடைத்த கார்டும் வந்தது. அதை அவள் இன்னும் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை.

நேற்று மாலை உன் அத்தான் என் சிந்தனையை அளந்தார். அறுபது கேள்வி. அறுபதுக்கும் “உம்” என்றேன். ரத்னா படித்தது போதும்தானே என்பதும் அதில் ஒன்று. கணக்குப் போட்டு, என் சிந்தனையின் அளவு சுழி என்றார்.

“தப்பா நெனைச்சுக்காதே. கேக்கறதுக்கு முன்னாடியே பதில் தெரிஞ்சிருந்தா அதுல சேதியே இல்லைன்னு அர்த்தம். உன்னைக் கட்டிக்கிட்டது என் பாக்கியம்” என்றார். பிரியமாகத்தான் சொன்னார். ஒவ்வோர் “உம்”முக்கும் முன்னால் எனக்குள் என்னவெல்லாம் ஓடிற்று என்று எழுத அந்த நோட்டில் கோடு போட்ட இடமில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். குடும்பத்தோடு வந்துவிடு. உன் நாக்கையும் பார்ப்பார். குழந்தைகளுக்கு என் முத்தங்கள். ஈசன் உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

உன் அக்கா

பி.கு.: ரயிலுக்கு டிக்கெட் வாங்காதே. கூடுவாஞ்சேரிக்குச் சம்மதம் எழுதி ஒட்டிவைத்திருக்கிறார். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, “போட்டுடலாம்தானே?” என்று என்னைக் கேட்பார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, கூடாது என்று சொல்லப்போகிறேன். ரத்னாவுக்குக்கூட இன்னும் தெரியாது.