பாசிக்கு மருந்து இல்லாத உரக்கடை

தஞ்சாவூர் ஜில்லாவில் பூச்சிமருந்து விற்றுக்கொண்டே, மருந்து என்ற சொல்லைக் கேட்டால் அடிக்க வருகிற ஒரே மனிதர் எங்கள் வீட்டு ஓனர்தான். இதை எந்தச் சபையிலும் வந்து சொல்லத் தயார். அவர் கடைக்கு மேலே மாடியில் ஆறு வருஷமாகக் குடியிருக்கிறவன் நான். இந்த உலகத்தில் என்னைவிட அதிகமாக அவரிடம் திட்டு வாங்கியது ஒன்றே ஒன்றுதான். அது பாசி.

அவருக்கு ஒரு பெயர் உண்டு, வாடகைப் பத்திரத்தில் பார்த்திருக்கிறேன். ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் உரக்கடை. "உரக்கடை சாப்பிடப் போயிருக்காரு", "உரக்கடைக்குக் காய்ச்சலாம்" என்றுதான் பேச்சு. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் சிங்கப்பூரில். கடைக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக இருக்கிறார்.

கடைக்குள் நுழைந்தால் இடது பக்கம் யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ் மூட்டைகள். வலது பக்கம் புகையானுக்கு, இலைசுருட்டுப் புழுவுக்கு, களைக்கு என்று மருந்துப் பாட்டில்கள். நடுவில் நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் கடல். ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன், மஞ்சளில் ஒன்று, ஒரு டஜன் நத்தை, பாறைமேல் உயிருள்ள பவளங்கள். காளான் போல ஒன்று, கொத்துக் கொத்தாகப் பூத்த மாதிரி ஒன்று, விரித்த கை போலத் தடியாக ஒன்று. எதுவும் கடலில் பிடுங்கியதல்ல, தொட்டியில் வளர்த்து வெட்டி விற்றவை. யாராவது கேட்டால் காட்ட அந்த ரசீதைக் கடை லைசென்சுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

காவிரி ஓடுகிற ஊரில் உப்புத்தண்ணீரை வைத்துக்கொண்டு எதற்கு இந்தப் பாடு என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"நாள் பூரா சாவடிக்கிற சாமான் விக்கிறேன் தம்பி. ஒண்ணையாவது உசுரோட வச்சிருந்தா உங்களுக்கு என்ன வலிக்குது?"

எனக்கு எதுவும் வலிக்கவில்லை. பாசி வந்த பிறகுதான் வலிக்க ஆரம்பித்தது.

முதலில் பாறையின் ஓரத்தில் பச்சையாக ஒரு படலம். இரண்டே வாரத்தில் அது முடி முடியாக நீண்டு, தொட்டி முழுக்க நாற்றங்கால் மாதிரி அசைந்தது. காளான் பவளம் பாதி மூடிப்போயிற்று. உரம் வாங்க வந்த ஒருவர் நிஜமான அக்கறையோடு குனிந்து பார்த்தார்.

"நல்லா தூர் கட்டியிருக்குண்ணே. மேலுரம் என்ன போட்டீங்க?"

"வெளிய போய்யா."

இன்னொருவர் விஷயம் தெரிந்தவர். "மயில்துத்தத்தைத் துணியில முடிஞ்சு போட்டா பாசி செத்துடும்ணே. போன சம்பாவுல எங்க வயலுக்கு நீங்கதான சொன்னீங்க?"

உரக்கடைக்கு முகம் சிவந்துவிட்டது. "அது நெல்லு, இது பவளம். துத்தம்னா செம்பு. செம்பு பட்டா மொதல்ல நத்தை சாவும், அப்பறம் பவளம் சாவும், பாசி கடைசியாத்தான் சாவும். எதுக்கெடுத்தாலும் மருந்து, மருந்து. பாசிக்கு மருந்து கெடையாதுய்யா. அது எதைத் தின்னுட்டு வளருது, அந்தத் தீனி எங்கேர்ந்து வருதுன்னு பாக்கணும்."

இதைச் சொல்லி முடித்த கையோடு அடுத்தவருக்குக் களைக்கொல்லி இரண்டு பாட்டில் எடுத்துக் கொடுத்தார். அவருக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லை.

தீனி என்ன என்பது தெரிந்துதான் இருந்தது. சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து ஏதோ சொட்டு விடுவார். அது ஒவ்வொரு முறையும் நீலமாக மாறும். பாஸ்பேட் ஏறிக் கிடக்கிறது என்று அர்த்தம். பயிருக்குத் தெம்பு கொடுக்கிற அதே சத்துதான் பாசிக்கும். எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை.

மீன் தீனியைப் பாதியாகக் குறைத்தார். பத்து மணி நேரம் எரிந்த விளக்கை ஆறு மணி நேரம் ஆக்கினார். குழாய்த் தண்ணீரை விட்டுவிட்டு வடிகட்டிய தண்ணீரில்தான் உப்புக் கலந்தார். வேதாரண்யத்திலிருந்து வந்த ஒரு நல்ல மனிதர், தண்ணீர் மாற்றுவதற்கு ஆகட்டும் என்று உப்பளத்து உப்பு அரை மூட்டை தூக்கிவந்து கொடுத்தார். "இது சோத்துக்குப் போடுற உப்பு. என் பவளம் சோறா திங்குது?" என்று அதைத் திருப்பி அவர் தலையிலேயே ஏற்றிவிட்டார். தினமும் மத்தியானம் டூத் பிரஷ்ஷால் பாறையைத் தேய்த்து, பிய்ந்து வந்த பாசி வேறு இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளாமல் ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுத்தார். நாலாம் நாள் அது மறுபடியும் வந்து நின்றது.

அதற்குப் பிறகுதான் அவர் மாடிப்படி ஏறினார்.

"ஏம்மா, நீங்க துணி தொவைக்கிற பவுடர்ல பாஸ்பேட் இருக்கா?"

என் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. "மாடில தொவைக்கிறது கீழ தொட்டிக்குள்ள எப்படி சார் வரும்?"

"காத்துன்னு ஒண்ணு இருக்குல்ல?"

பவுடரை மாற்றினோம். சாம்பிராணி போடக் கூடாது என்றார். கொசுவர்த்தியையும் நிறுத்தினோம். அப்பளம் பொரித்தால் தெருப்பக்க ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. வாடகை கொடுத்துக் குடியிருக்கிறவன், கீழ் வீட்டுப் பாசிக்காகப் புழுக்கத்தில் உட்கார்ந்து அப்பளம் தின்றேன். என் ஆத்திரம் நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

அந்தச் சமயம் பார்த்து என் மாமனார் வந்தார். திருவிடைமருதூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வருஷமாக விவசாயம். சாதுவான மனிதர், யாருக்காவது உபகாரம் செய்யாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. உரக்கடை முதுகை வளைத்துக்கொண்டு டூத் பிரஷ்ஷால் தேய்ப்பதை இரண்டு நாள் பார்த்தார். மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உரக்கடை உள்ளே சாப்பிடப் போன நேரத்தில், திறந்திருந்த டப்பாவிலிருந்து மயில்துத்தத்தை எடுத்துத் துணியில் முடிந்து தொட்டிக்குள் போட்டுவிட்டு, மாடிக்கு வந்து என்னிடம் சொன்னார்.

"பாவம் மாப்ள அந்த மனுசன். ஒரு சின்ன ஒத்தாசை பண்ணிட்டு வந்திருக்கேன்."

என்ன ஒத்தாசை என்று கேட்டேன். சொன்னார். நான் எத்தனை எத்தனை படியாகத் தாண்டி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது.

துணிமுடிச்சிலிருந்து நீலமாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. உரக்கடை எச்சில் கையோடு வந்து நின்றார். கத்தப்போகிறார் என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் கத்தவில்லை. முடிச்சை எடுத்து வெளியே எறிந்தார், கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"தம்பி, பக்கெட்."

தண்ணீர் மாற்றுவதற்காக ஒரு டிரம் நிறைய உப்புத்தண்ணீர் கலந்து வைத்திருந்தது அதிர்ஷ்டம். துத்த டப்பா இருக்கிற கீழ்த்தளமே வேண்டாம் என்றார் அவர். மாடியில் எங்கள் ஹாலில் டி.வி.யை இறக்கித் தரையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பெரிய பைபர் தொட்டியைப் போட்டோம். டிரம் தண்ணீரைப் பக்கெட் பக்கெட்டாக நான் ஏற்றினேன். அவர் ஒவ்வொரு பவளத்தையும் சின்னத் துண்டுப் பாறையோடு எடுத்து, மூன்று பாத்திரம் நல்ல தண்ணீரில் அலசி அலசி மேலே கொண்டுவந்தார். மீன்கள் பிழைத்தன. நத்தையில் ஏழு போயிற்று. விரித்த கை மாதிரி இருந்த பவளம் முஷ்டி போலச் சுருங்கிவிட்டது.

மாமனார் படியில் உட்கார்ந்திருந்தார். "நல்லதுன்னு நெனச்சுத்தான்..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும். வழிய விடுங்க" என்றார் உரக்கடை.

மறுநாள் முதல் பஸ்ஸில் மாமனார் ஊருக்குப் போய்விட்டார். சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மாமியார் போன் செய்தார்.

அன்றிலிருந்து எங்கள் ஹால் எங்களுடையதாக இல்லை. காலை ஏழு மணிக்கு, குளித்துவிட்டு, கடை திறப்பதற்கு முன்பே உரக்கடை வருவார். கதவைத் தட்டுகிற வழக்கம் கிடையாது. ஃபேன் காற்று தண்ணீரில் அடிக்கிறது என்று அணைத்துவிடுவார். தாளிக்கிற நெடி ஆகாது என்பார். நான் லுங்கியோடு பல் தேய்த்துக்கொண்டு நின்றால், என் வீட்டில் நான் நிற்பது அவருக்கு இடைஞ்சலாக இருப்பதுபோலப் பார்ப்பார். மாமனார் செய்த குற்றம் கழுத்தில் கிடந்ததால் வாயைத் திறக்க முடியவில்லை.

ஒன்பதாம் நாள் காலை, சுருங்கிக் கிடந்த பவளம் விரல்களை நீட்டி, விரல் முழுக்கப் பூவாகத் திறந்திருந்தது. உரக்கடை வெகுநேரம் பார்த்தார். பிறகு மாமனாரைப் போனில் கூப்பிடச் சொல்லி, போனைக் கையில் வாங்கினார்.

"ஐயா, உரக்கடை பேசறேன். பவளம் விரிஞ்சிடுச்சு. நீங்க ஒழுங்கா சாப்புடுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா கடைக்குள்ள மட்டும் வராதீங்க" என்று சொல்லிப் போனை வைத்தார்.

ஒரு மாதம் ஆயிற்று. ஹாலில் இருந்த தொட்டியில் பாசி வரவில்லை. அதே விளக்கு, அதே தீனி, அதே உப்பு, அதே வடிகட்டிய தண்ணீர். பாறைத்துண்டுகளில் ஒட்டியிருந்த பழைய பாசியும் வெளிறி உதிர்ந்துபோயிற்று. சந்தோஷப்பட வேண்டிய மனிதர் இதற்கும் கோபப்பட்டார்.

"இங்க மட்டும் ஏன் வரல? என் கடைமேல அதுக்கு என்ன வஞ்சம்?"

என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "இங்க யாரும் மூட்டைக்குள்ள கைய விட்டு டி.ஏ.பி. அள்ளுறதில்லையே சார்."

உரக்கடை தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். வைத்த காப்பியைக் குடிக்காமல் இறங்கிப் போனார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தபோது கையில் அந்தக் கண்ணாடிக் குழாய் இருந்தது. டி.ஏ.பி. மூட்டைக்குள் கையை விட்டு எடுத்து, சுத்தமான தண்ணீரில் உள்ளங்கையை ஒரே ஒரு தடவை அலசி, அந்தத் தண்ணீரில் சொட்டு விட்டிருக்கிறார். குழாய்க்குள் பேனா மசி மாதிரி அடர்ந்த நீலம்.

"சில்லறைக்கு டி.ஏ.பி. அள்ளிக் குடுத்துட்டு, அந்தப் பாஸ்பேட் ஒட்டின கைய வுட்டுத்தான் பிரஷ் போட்டிருக்கேன். தூசி வேற பறந்து விழுந்திருக்கு. நானேதான் தம்பி மேலுரம் போட்டிருக்கேன்."

இரண்டு மாதம் என் வீட்டு அப்பளத்தின்மேல் பழி போட்டவரை நாலு வார்த்தை கேட்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டேன்.

மறுநாள் முதல் கடையில் சில்லறை உர வியாபாரம் நின்றது. "அஞ்சு கிலோ டி.ஏ.பி. குடுங்கண்ணே" என்றால், "மூட்டையா வாங்கு, இல்ல நடையக் கட்டு" என்றார். பிரித்த மூட்டையெல்லாம் மூன்று தெரு தள்ளி ஒரு கொட்டகைக்குப் போயிற்று. செம்பு ஊறிய பழைய பாறைகளைத் தூக்கி எறிந்துவிட்டு, கண்ணாடித் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, கடையை விட்டுத் தன் அறைக்குள் வைத்து, புதுத்தண்ணீரை இரண்டு தடவை சோதித்த பிறகு பவளங்களைக் கீழே கொண்டுபோனார். இன்றைக்கும் ஓரத்தில் கொஞ்சம் பாசி உண்டு. "இருக்கட்டும். நத்தையும் திங்கணும்ல" என்கிறார்.

ஹால் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. டி.வி. பழைய இடத்துக்கு ஏறியது, ஃபேன் சுற்றியது. மறுநாள் காலை ஏழு மணிக்கு உரக்கடை படியேறி வந்தார். தொட்டி இருந்த இடத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் மனைவி காப்பி கொடுத்தாள். சிக்கரி ஜாஸ்தி என்றார், ஃபேன் கிரீச்சிடுகிறது என்றார், என் லுங்கியின் நிறத்தைப் பற்றி ஒன்று சொன்னார். எழுந்து போனார்.

அதற்கு அடுத்த நாளும் வந்தார். எட்டு மாதமாக வருகிறார். எதற்கு வருகிறீர்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்டால் ரோஷத்தில் நின்றுவிடுவார். ஏழே கால் ஆகியும் படியில் செருப்புச் சத்தம் கேட்காவிட்டால், கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற முதல் ஆள் நான்தான்.