மேஜர் வீட்டுக் கீபோர்டு

என்னை யாராவது பொறாமைக்காரன் என்று சொன்னால் கோபப்பட மாட்டேன். என்னைவிடப் பெரிய பொறாமைக்காரன் இன்னொருவன் இருக்கிறான் என்று சொன்னால்தான் கோபம் வரும். கோபம், சோம்பல், சின்னச் சின்னப் பொய் எல்லாவற்றையும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். பொறாமையை மட்டும் இன்றுவரை சொன்னதில்லை. சொன்னால் யார்மேல் என்று கேட்பார். வில்சன் என்று சொல்ல வேண்டிவரும். உடனே அவர், "வில்சனா, ரொம்ப நல்ல புள்ளையாச்சே" என்பார். அதை அந்தக் கூண்டுக்குள் முட்டி போட்டுக்கொண்டு கேட்கிற தெம்பு எனக்கு இல்லை.

நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாதா கோயில் பாடல் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவன். பதினோரு வருஷமாக நான்தான். கோயில் கீபோர்டு பழசு. நடுவில் இரண்டு கட்டைகள் சத்தம் போடாது. பாட்டு அந்தப் பக்கம் போகும்போது லேசாக இருமிக்கொள்வேன். சனங்கள் நான் ஆஸ்துமாக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மரியாதை குறையவில்லை.

அப்போதுதான் வில்சன் வந்தான். ஏசி மெக்கானிக். கிளியனூரில் பெண் எடுத்து திண்டிவனத்தில் குடிவந்தவன். வந்த முதல் ஞாயிறே கீபோர்டோடு வந்தான். துபாயில் இருக்கும் அண்ணன் வாங்கிக் கொடுத்ததாம். எண்பத்தெட்டுக் கட்டை. பீடத்துக்குப் பக்கத்தில் வைத்தபோது நாலு பேர் இலை போட்டுச் சாப்பிடலாம் போல நீளமாக இருந்தது. காணிக்கைப் பாட்டுக்கு அவன் வாசித்தான். முன்வரிசை அம்மாக்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். (பதினோரு வருஷமா நானும்தான் வாசிக்கிறேன். ஒருத்தரும் மூக்கைக்கூடத் துடைச்சதில்ல.)

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மனைவி ரோஸி பாடல் குழுவில் பாடுகிறவள். பூசை முடிந்து வீட்டுக்கு வரும்போது ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து சொன்னாள்: "இன்னாங்க, அந்தப் புள்ள வாசிச்சா நமக்குத் தொண்டை தானா தெறந்துக்குதுங்க."

அப்படியானால் இத்தனை வருஷம் மூடியா இருந்தது என்று கேட்க நினைத்தேன். அதற்குப் பதிலாக, அடுத்து வந்த வேகத்தடையைப் பார்க்காதவன்போல ஏற்றி இறக்கினேன்.

மறுவாரம் பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு கடையில் எண்பத்தெட்டுக் கட்டை கீபோர்டுக்கு விலை கேட்டேன். கடைக்காரர் சொன்னார். அதை நிறுத்தி வைக்கிற ஸ்டாண்டுக்கு மட்டும் எவ்வளவு என்று கேட்டேன். அதையும் சொன்னார். வெளியே வந்து ஒரு கரும்புச்சாறு குடித்துவிட்டு பஸ் ஏறினேன். அன்று என் வசதிக்கு எட்டியது அதுதான்.

பழைய சாமான் வாங்கி விற்கும் ஆப் ஒன்றைப் போனில் இறக்கியது அந்தப் பஸ்ஸில்தான். மயிலம் தாண்டுவதற்குள் கண்ணில் பட்டுவிட்டது. கிட்டத்தட்டப் புதுசு, எண்பத்தெட்டுக் கட்டை, இடம் விழுப்புரம். விற்பவர் ராணுவ மேஜர். வடக்கே மாற்றலாகிப் போகிறாராம், அவசர விற்பனை. கடை விலையில் மூன்றில் ஒரு பங்கு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் ஒரு சின்னத் திரை இருந்தது. வில்சனுடையதில் திரை கிடையாது. அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன். மற்றதெல்லாம் சும்மா சம்பிரதாயம்.

போன் செய்தபோது மேஜர் நன்றாகப் பேசினார். "நம்பள் பட்டாளம் சார். தமிழ் கொஞ்சம் மாலும். வார்த்தை ஒண்ணுதான்" என்றார். அடையாள அட்டையின் படத்தை அனுப்பினார். அதில் இருந்த மீசையைப் பார்த்த எவனுக்கும் சந்தேகம் வராது. முதலில் டோக்கன் பணம் கேட்டார், போனிலேயே அனுப்பினேன். அப்புறம், ராணுவச் சாமான் வெளியே வர கேட் பாஸ் போட வேண்டும், அது திரும்பி வரும் பணம் என்றார். அனுப்பினேன். அப்புறம் இன்சூரன்ஸ், அதுவும் திரும்பி வரும் என்றார். அதையும் அனுப்பினேன். லாப நஷ்டக் கணக்கில் ஒரு ரூபாய் தப்பினால் பையனை எழுப்பி நிற்க வைக்கிறவன் நான். இந்த ஒவ்வொரு தடவையும் என் மனசுக்குள் வந்தது கணக்கு அல்ல, ரோஸியின் தொண்டை.

மாதா திருவிழா கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் இருந்தது. பாடல் குழு முழுக்க இருக்கும்போது, சனிக்கிழமை விழுப்புரம் போய் ஒரு கீபோர்டு எடுத்து வரப்போகிறேன் என்று சாதாரணமாகச் சொன்னேன். (சாதாரணமா சொல்றதுக்கு முந்தின நாள் கண்ணாடி முன்னாடி நின்னு பழகிப் பார்த்தேன்.) எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். வில்சன்தான் அதிகமாகச் சந்தோஷப்பட்டான். அது எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சமாவது முகம் வாடும் என்று எதிர்பார்த்திருந்தேன். சரி, பொருளை நேரில் பார்த்தால் வாடும், அந்த நேரத்தில் நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அதனால், நீயும் வாயேன் தம்பி, வாசித்துப் பார்த்துச் சொல் என்று நானே அழைத்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. சாட்சியையும் நானே கூட்டிக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை காலை சேகர் என்பவரின் குட்டி யானையை வாடகைக்குப் பேசினேன். அந்தச் சின்னச் சரக்கு வண்டியின் முன்பக்கத்தில் சேகர், வில்சன், நான் மூன்று பேரும் ஒட்டி உட்கார்ந்து போனோம். கீபோர்டு அடிபடாமல் இருக்கப் பின்னால் இரண்டு மெத்தை, நான்கு தலையணை. ஒன்று ரோஸியின் கல்யாணத் தலையணை.

முண்டியம்பாக்கம் நெருங்கும்போது மேஜர் கூப்பிட்டார். மனைவி வீட்டில் காத்திருக்கிறார், கீபோர்டு தயாராக இருக்கிறது, முதலில் திரும்பத் தரவேண்டிய பணத்தைத் தந்துவிடுகிறேன் என்றார். போனுக்குக் கட்டம் கட்டமாக ஒரு படம் வந்தது. அதை ஸ்கேன் பண்ணி ரகசிய நம்பரைப் போட்டால் பணம் என் கணக்குக்கு வந்துவிடுமாம். இப்படியும் ஒரு மனிதரா என்று நெகிழ்ந்துபோய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

வில்சன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. பணம் வாங்கறதுக்கு எதுக்குண்ணா ரகசிய நம்பரு?"

அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். இவன் வயிறு எரிகிறது. ஒருவழியாக எரிய ஆரம்பித்துவிட்டது. அவனைப் பார்த்துப் பெருந்தன்மையாகச் சிரித்தபடியே நம்பரைப் போட்டேன்.

பணம் போய்விட்டது. மேஜரைக் கூப்பிட்டேன். அவர் பதறவே இல்லை. நெட்வொர்க் கோளாறு, இன்னொரு தடவை போடுங்கள், இரண்டும் சேர்ந்து வரும் என்றார். இன்னொரு தடவை போட்டேன். அந்த மாதச் சம்பளத்தில் மிச்சமிருந்ததும் போய்ச் சேர்ந்தது. சேகர் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். வில்சன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் மட்டும், மிலிட்டரியில் சில நேரம் இப்படித்தான் தாமதமாகும் என்று விளக்கிக்கொண்டு வந்தேன்.

மேஜர் அனுப்பிய விலாசம் விழுப்புரத்தில் கிழக்குப் பாண்டி ரோட்டைத் தாண்டி ஒரு புது நகரில் இருந்தது. வீடு உண்மையிலேயே இருந்தது. பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. கேட்டில் ஒரு அட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வில்சன் முதலில் படித்துவிட்டு என்னைப் பார்த்தான். நானும் படித்தேன். "இந்த வீட்டில் மிலிட்டரிக்காரர் யாரும் இல்லை. பெல் அடிக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தது.

"பாதுகாப்புக்காக எழுதி வெச்சிருப்பாங்க தம்பி," என்றேன். "ரகசியம்."

பெல் அடித்தேன். நாற்பது வயதிருக்கும் ஒரு அம்மா, கையில் முறத்தோடு வந்தார். பாதி உரித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அதில் இருந்தது. எங்களைப் பார்த்தார், பின்னால் நின்ற வண்டியைப் பார்த்தார், அதிலிருந்த மெத்தையைப் பார்த்தார். அலுப்போடு கேட்டார்: "ஃபிரிட்ஜா, சோபாவா?"

"கீபோர்டுங்க."

"கீபோர்டு இப்பத்தான் மொத தபா வருது. உள்ள வாங்க, தண்ணி குடிங்க."

இரண்டு மாதமாக இப்படித்தான் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்களாம். எந்தப் பாவி எப்படி இந்த விலாசத்தைப் பிடித்தான் என்று தெரியவில்லையாம். அவர் கணவர் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அட்டையும் எழுதி மாட்டினார். அட்டையைப் படித்துவிட்டும் பெல் அடிக்கிறவர்களை என்ன செய்வது என்று அந்த அம்மா என்னிடமே கேட்டார்.

உள்ளே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். புல்லட் வாங்கக் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்தவர். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். என்னைவிட மூன்று மடங்கு போயிருக்கிறது. அவருக்கு அந்த அம்மா டம்ளரில் மோர் கொடுத்தார், பெருங்காயமெல்லாம் போட்டு. எனக்குத் தண்ணீர். அவருக்கு மின்விசிறியைத் திருப்பி வைத்தார். வில்சன்கூட அவர் தோளில் கை வைத்து ஆறுதல் சொன்னான். என்னோடு வந்தவன் அவன். ஏமாந்த இடத்திலும் எனக்கு இரண்டாவது இடம்தானா என்று நெஞ்சு கரித்ததை இன்று வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

அப்புறம் நடந்ததையெல்லாம் வில்சன்தான் பார்த்துக்கொண்டான். சைபர் கிரைமுக்குப் போன் செய்து புகார் பதிந்தான். என்னிடம் கேட்டுக் கேட்டு எல்லா விவரமும் சொன்னான். அவர்கள் ஒரு புகார் எண் தந்தார்கள். மேஜரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். சேகர், காலியாகப் போவானேன் என்று விக்கிரவாண்டியில் எட்டு மூட்டை மல்லாட்டை ஏற்றிக்கொண்டார். ரோஸியின் தலையணைகளை மூட்டைகளுக்கு நடுவே செருகினார்.

கோயில் வாசலில் பாடல் குழு மொத்தமும் நின்றிருந்தது. ஒரு பெண் சாமந்திச் சரம்கூட வைத்திருந்தாள். எல்லோரும் வண்டியின் பின்பக்கம் ஓடினார்கள். மல்லாட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"மேஜருக்கு அவசர உத்தரவு வந்துடுச்சு," என்றேன். "நேத்தே எல்லைக்குப் போயிட்டாரு. கீபோர்டும் அவரோடவே போயிடுச்சு."

எல்லோரும் வில்சனைப் பார்த்தார்கள். அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க, அர்ஜென்ட்டா போயிட்டாராம்" என்றான். ரோஸி, எல்லையில் நம் வீரர்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாதென்று அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டாள்.

கொடியேற்றத்து அன்று வில்சன் தன் கீபோர்டை என் பக்கம் நகர்த்தி, நற்கருணை வாங்கும்போது பாடும் நன்மைப் பாட்டை நீங்கள் வாசியுங்கள் அண்ணா என்றான். வாசித்தேன். இருமாமல் வாசித்தேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. வெளியே வந்தபோது ஒரு அம்மா சொன்னார்: "வில்சன் பொட்டியில யாரு வாசிச்சாலும் நல்லாத்தான் கீது."

அதற்குப் பிறகு நான் காத்திருந்தேன். வில்சன் இன்று சொல்லிவிடுவான், நாளை சொல்லிவிடுவான். சொன்னால் அவனை வெறுப்பதற்கு ஒரு நியாயமான காரணம் கிடைக்கும். ஒரு வாரம் ஆனது. ஒரு மாதம் ஆனது. பாவி வாயைத் திறக்கவே இல்லை. தன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. அவனுடைய வாசிப்பைத் தாங்கினேன், கீபோர்டைத் தாங்கினேன். இந்த நல்ல குணத்தை என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் கேப்பை அடை தின்றுகொண்டிருந்தேன். ரோஸி எதற்கோ வில்சனைப் புகழ ஆரம்பித்தாள். அமைதியான பையன், அடக்கம், யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை தப்பாகப் பேச மாட்டான் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆமா, பேச மாட்டான். நான் விழுப்புரத்துல ஏமாந்ததைக்கூட ஒருத்தர்கிட்டயும் சொல்லல. பெரிய புனிதர்," என்று கத்திவிட்டேன்.

கத்திய பிறகுதான் என்ன கத்தினேன் என்று காதில் விழுந்தது. ரோஸி அடைத் திருப்பியைக் கீழே வைத்தாள். முழுக் கதையையும் கேட்டாள். டோக்கன், கேட் பாஸ், இன்சூரன்ஸ், ரகசிய நம்பர், அட்டை எல்லாம் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். "அந்தப் புள்ள ஒரு வார்த்தை வெளிய வுடலியேங்க" என்று கண் கலங்கினாள். அதிலும் பெயர் அவனுக்கே போனது.

சாயங்காலம் பாடல் பயிற்சிக்குள் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து பாடல் குழுவில் என் பெயர் மேஜர். வில்சன் புதுப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக் கொடுக்கும்போது, "இது சி மேஜர்" என்று மூன்று கட்டைகளை அழுத்துவான். பிள்ளைகள் உடனே திரும்பி என்னைப் பார்க்கும். என் மைத்துனன் வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்று சல்யூட் அடித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறான்.

அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது வேறு. ரகசியம் உடைந்த பிறகு வில்சனும் இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தான். கல்யாணம், புதுநன்மை, காதுகுத்து, எங்கே போனாலும் அவனைச் சுற்றி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மேஜர் கதை சொல்லுப்பா என்று கேட்கிறார்கள். அவன் சொல்கிறான். மேஜர் மாதிரியே பேசிக் காட்டுகிறான். என்னை ஒரு இடத்திலும் விட்டுக்கொடுக்காமல், கேட்கிறவர்களுக்கு என்மேல் பிரியம் வருகிற மாதிரி சொல்கிறான். சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ரோஸி ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பதுபோலச் சிரிக்கிறாள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் அதே கதையை நான் சொல்லிப் பார்த்தேன். பாதியில் ஒருவர் என்னைக் கையமர்த்தி, "இருங்க சார், வில்சன் வரட்டும். அவரு சொன்னாத்தான் நல்லா இருக்கும்" என்றார்.

பணம் போனது என்னுடையது. மானம் போனது என்னுடையது. அதனால்தான் அவன் முந்திக்கொள்வதற்குள் எழுதியாவது வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதி முடித்து ரோஸியிடம் படித்துக் காட்டினேன். நன்றாகத்தான் இருக்கிறது, வில்சனிடம் ஒருமுறை காட்டித் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறாள்.