நாலு எழுத்தில் ஒரு சூனியக்காரி

என் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். எச்சிலைப் படித்த மகானின் கதை சொல்கிறேன்.

எங்கள் சிய்யான் ஊர்ச் சந்தைக்கு டாக்டர் எவரிஸ்தோ வந்தார். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார், போதாதா? கண்ணாடிக் குழாயில் துப்பினால், உங்கள் மரபணு அவர் கணினித் திரையில் எழுத்தெழுத்தாக ஓடும். உங்களுக்குச் சூனியம் வைத்தவர் பெயர் சிவப்பாக மின்னும். மரபணுவைக் கழுவ ஒரு புட்டித் தண்ணீர், இருபதாயிரம் பேசோ. ஊரே வரிசையில் நின்று துப்பியது.

எல்லாருக்கும் மின்னியது ஒரே பெயர்: CATA. காத்தா! சந்தையில் சமோசா மாதிரி எம்பனாடா சுட்டு விற்கிறவள். இங்கே கறி வெட்டுகிறவர்களுக்கும் வெள்ளைக் கோட்டுதான். வந்த அன்றே டாக்டரின் கோட்டைப் பார்த்து, "கறிக்கடையில வேலையா?" என்று கேட்டுவிட்டாள், பாவம்.

அப்புறம் அவள் சுட்டதை நாய்கள்தான் தின்றன. கடையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போகக் கிளம்பிவிட்டாள்.

அவள் அக்கா மகள் ராயென், கொன்செப்சியோன் நகரில் உயிர்த்தகவலியல் ஆராய்கிறவள். மரபணு எழுத்துகளைக் கணினியில் தேடுவதே அவள் வேலை. மடிக்கணினியோடு வந்து நின்றாள்.

"டாக்டரே, மரபணுவுல எத்தனை எழுத்து?"

"கோடிக்கணக்குல, மகளே!"

"எத்தனை வகை?"

டாக்டர் புட்டிகளை அடுக்க ஆரம்பித்தார். ராயெனே சொன்னாள்:

"நாலே நாலு. A, C, G, T. அதையே மாத்தி மாத்திக் கோடிக்கணக்குல எழுதினா CATA எங்கதான் வராது? இது சித்தி எம்பனாடாவுல போடுற வெங்காயத்தோட மரபணு. பாருங்க."

தேடினாள். திரை முழுக்கச் சிவப்பு.

மூன்று புட்டி வாங்கியிருந்த ஒர்த்தென்சியா வாயைப் பிளந்தாள். "ஏண்டி, வெங்காயத்துக்குமா சூனியம் வச்சா?"

"தினமும் அழவைக்குதுல்ல, அத்தை!"

பிறகு ராயென் குழாயை நீட்டினாள். "இப்ப நீங்க துப்புங்க, டாக்டரே."

டாக்டருக்குப் பயத்தில் வாய் வறண்டுவிட்டது; ஒரு சொட்டு வரவில்லை. காலிக் குழாயையே அவருடைய கணினிப் பெட்டியில் ராயென் செருகினாள். எழுத்துகள் ஜோராக ஓடின. CATA மின்னியது!

"துப்பாத எச்சிலையும் படிக்குதே! இன்னொரு சொல்லையும் தேடுவோம்." CACA என்று தட்டினாள். மேலிருந்து கீழ்வரை சிவப்பு. நமக்குக் காக்கா என்றால் பறவை; இந்த ஊர்ப் பேச்சில் அது குழந்தையைக் கழுவிவிட வேண்டிய சமாச்சாரம்.

"டாக்டருக்கு உள்ள பூரா அதானா!" என்றாள் ஒர்த்தென்சியா. சந்தை சிரித்த சிரிப்பில் டாக்டர் கோட்டை விட்டுவிட்டு ஓடினார்.

கட்டிய கடையைக் காத்தா திரும்ப விரிக்க, ஒர்த்தென்சியாதான் முதலில் வந்தாள். "காத்தா, ஆறு எம்பனாடா குடு."

"ஏன், சூனியம் போயிடுச்சா?"

"வாயை மூடிட்டுச் சூடா குடு!"

எச்சில் துப்ப ஊரே வந்தது. கேள்வி கேட்க ஒருத்திதான் வந்தாள். நீங்கள் எந்த வரிசையில் நிற்பீர்கள், யோசியுங்கள். உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும், கண்ணுகளா, உங்கள் பிள்ளைகள் "ஏன்? ஏன்?" என்று கேட்டே வீட்டை இரண்டாக்கட்டும்.