இல்லாத யானை வழக்கு

கொற்றவெளி என்றொரு நாடு. அங்கே மழை தவறும், மன்னரும் தவறுவார். உச்ச நியாய சபை மட்டும் தவறவே தவறாது. அப்படியென்று சபையே தீர்ப்பளித்திருந்தது.

பட்டத்து யானையைத் திருடி விற்றதாக, அதற்குத் தழை வெட்டிப்போடும் தவசிக்கு அந்நாட்டில் ஆயுள் சிறை விதித்தார்கள். அவன் அக்கா அங்காயி மேல்முறையீடு செய்தாள். அதற்குள் யானையே அகப்பட்டுவிட்டது. மந்திரியின் கரும்புத் தோட்டத்தில், அரண்மனைச் சங்கிலியோடு கொழுகொழுவென்று நின்றது.

அங்காயி சபைக்கு ஓடினாள்.

“சாமி, யானை கெடச்சிருச்சு. என் தம்பிய விட்ருங்க.”

தலைமை நீதிபதி பேரறமூர்த்தி கண்மூடி யோசித்தார். “அம்மணி, யானை விற்கப்பட்டது என்று கீழ்ச்சபை முடிவு செய்துவிட்டது. விசாரணைக்கு வராத யானை மேல்முறையீட்டுக்கு வரமுடியாது. ஆகவே நீ பார்த்தது யானை அல்ல.”

“பின்ன என்னங்க அது?”

“அது இச்சபையின் முன் உள்ள கேள்வி அல்ல.”

யானையைப் பார்த்ததாகச் சொல்வது தீர்ப்பை அவமதிக்கும் குற்றம் என்று மறுவாரமே இன்னொரு தீர்ப்பு வந்தது. இல்லாத யானைக்கு எதற்குத் தீனி என்று மந்திரி அதை அவிழ்த்துவிட்டார். அது வயல்களில் இறங்கியது. நெல் பாழானவர்கள் முறையிட்டபோது, அதிகாரிகள் ‘பலத்த காற்று’ என்று எழுதிக்கொண்டார்கள். வீடு இடிந்தவர்களுக்கு, சுவரை உறுதியாகக் கட்டாததற்காக அபராதம் விதித்தார்கள். எதிரே யானை வந்தால் வானத்தைப் பார்த்தபடி ஒதுங்கிப் போக மக்கள் பழகிக்கொண்டார்கள்.

அக்கா மறுபடியும் சபைக்குக் கிளம்பியதும், சிறைக் கம்பிக்குப் பின்னாலிருந்து தவசி கெஞ்சினான். “விட்டுரு அக்கா. நீயும் உள்ள வந்துட்டா எனக்குக் கஞ்சி கொண்டார ஆளில்ல.”

“கஞ்சி யாராச்சும் கொண்டாருவாங்கடா. யானையப் பாத்தேன்னு சொல்லத்தான் ஆளில்ல.”

நேரே சபை முற்றத்துக்குப் போய் நின்றாள். குரலெடுத்துச் சொன்னாள். “நான் யானையப் பாத்தேன்!”

காவலர்கள் அவள் கையைப் பிடித்து முறுக்கினார்கள். வீடு இடிந்த ஒருவர் கூட்டத்திலிருந்து வெளியே வந்தார். “நானுந்தான் பாத்தேன். என்னையும் புடிங்க.”

“எங்க நாத்தங்கால மிதிச்சதே அதுதான்,” என்றாள் இன்னொருத்தி.

அதன் பிறகு யாரும் அடங்கவில்லை. சிறை நிரம்பியது. நெல் களஞ்சியங்களைச் சிறையாக்கினார்கள், அவையும் நிரம்பின. காவலர்களின் மனைவிமாரே வந்து விலங்குக்குக் கைநீட்டத் தொடங்கியதும் சபை அவசரமாகக் கூடியது.

பேரறமூர்த்தி தீர்ப்பை வாசித்தார்: “தவசி குற்றவாளி என்ற முடிவில் பிழை ஏதுமில்லை. எனினும் சிறையில் இடமின்மை கருதி, அவனும் ஏனையோரும் விடுவிக்கப்படுகிறார்கள்.”

கதவுகள் திறந்தன. தவசி வெயிலில் கண் கூசியபடி வந்து அக்காவின் கையைப் பற்றினான். “வாக்கா, வீட்டுக்குப் போவோம்.”

அங்காயி அசையவில்லை. சிறைக்கு அடுத்த மைதானத்தில் வண்டி வண்டியாகக் கருங்கல் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. கொத்தனார்கள் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள்.

“எடமில்லன்னுதானடா விட்டாங்க,” என்றாள். “நாளைக்கே எடம் வந்துட்டா?”

அவள் திரும்பி, மனு வாங்கும் இடத்துக்கு நடந்தாள்.

“எந்தத் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு?” என்று எழுத்தர் கேட்டார்.

“தண்டனைய இல்லீங்க. இந்த விடுதலைய எதுத்து. என் தம்பி குத்தமே செய்யலன்னு எழுதித் தரணும்.”

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். அவளுக்குப் பின்னால் தவசி நின்றான். அவனுக்குப் பின்னால் வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது.