ஞானதுரையின் சிவப்புப் புள்ளி

கடைக்குள் இருந்தவரை அந்தச் சிவப்புப் புள்ளி ஜம்மென்றுதான் இருந்தது. மும்பை மஸ்ஜித் பந்தர் சந்துக் கடைக்காரன், "ஏக்தம் டாப் மால், சேட்" என்று முதல் தரச் சரக்காக நீட்டியபோது, சின்னக் கண்ணாடிக்கு நடுவே செக்கச்செவேல் என்று ஒரு புள்ளி தெரிந்தது. துப்பாக்கி மேல் மாட்டிவிட்டால் போதும், புள்ளி நிற்கும் இடத்துக்குக் குண்டு போய்விடும் என்றான். தாராவிக்கு வந்து, நைண்டி ஃபீட் ரோட்டில் உச்சி வெயிலில் எதிர்க் கடை போர்டைக் குறிபார்த்தால், போர்டு இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, புள்ளியை மட்டும் காணோம்.

ஞானதுரை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்தே நாள்தான் இருந்தது.

அன்றைக்கு வேதக் கோவிலில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும், மண்டையைப் பிளக்கிற வெயிலில், தளவாய் தன் பலூன் சுடுகிற கடையை விரிப்பான். இருபத்திரண்டு வருஷமாக ஞானதுரை அங்கே போய் வருஷத்துக்குப் பத்து குண்டு சுடுகிறார். இதுவரை ஒரு பலூனுக்கும் சேதமில்லை.

சுடாவிட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்பீர்கள். பெண் பார்க்கப் போன அன்று, பேச ஒன்றும் கிடைக்காமல், "துப்பாக்கி சுடுறதுல நான் கெட்டி. குறி தப்பாது" என்று ஜெபசெல்வியிடம் அளந்துவிட்டார். தோல் பை தைக்கிற மனுஷனுக்கு இது தேவையா? அன்றிலிருந்து, "வெயில் கண்ணைக் கூசுது" என்று சொல்லியே காலம் தள்ளிவிட்டார். இந்த வருஷம் தாணேயிலிருந்து மச்சினன் ராஜசேகர் வருகிறான். அவன் வாய் சும்மா இருக்காது. அவன் தோண்டித் துருவினால் பொய் வெளியே வரும், பெண்டாட்டி முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

வெயிலுக்கென்றே செய்தது ஒன்று கடையில் இருக்கத்தான் செய்தது. விலை நாலு மடங்கு. மலிவானதே போதும் என்று வாங்கி வந்ததன் பலன் இது.

கடைக்காரனுக்குப் போன் போட்டார். "பட்டன் இருக்கே, சேட். வெளிச்சத்தை ஏத்துங்க" என்று அவன் இந்தியில் சொன்னான். ஏற்றினார். புள்ளி வந்தது. ஆனால் நசுங்கின தக்காளி மாதிரி பரவி, குறிபார்க்கிற பொருளையே மூடிக்கொண்டது.

"ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுப் பாருங்களேன்" என்றாள் ஜெபசெல்வி, வெங்காயம் உரித்தபடி.

"உனக்கு என்னட்டி தெரியும் இதைப் பத்தி? நீ வெங்காயத்தைப் பாரு."

அவள் வெங்காயத்தைப் பார்த்தாள்.

மறுநாள் கூலிங் கிளாஸ் போட்டுப் பார்த்தார். தக்காளி சுருங்கிப் புள்ளியாகிவிட்டது. கூடவே ஊரும் இருட்டிவிட்டது. தளவாயிடம் இரவல் வாங்கிய துப்பாக்கியில் அதை மாட்டி, மாடியில் காலி டப்பா ஒன்றைக் குறிவைத்துச் சுட்டார். டப்பா அசையவில்லை. பக்கத்து வீட்டு மாரீஸ்வரியின் நீல டிரம்மிலிருந்து தண்ணீர் பீறிட்டது.

"தண்ணி வாரதே அரை மணி நேரம்" என்றாள் மாரீஸ்வரி. "அதைப் பிடிச்சு வச்சா நீங்க ஓட்டை போடுதிய. நல்லாவா இருக்கு, அண்ணாச்சி?"

ஞானதுரை தன் வீட்டு டிரம்மைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். ஜெபசெல்வி தண்ணீர் பிடிக்கக் குடங்களைக் கழுவி வைத்தாள். அவளைப் பார்க்கவே அவருக்குப் பாவமாக இருந்தது.

கடைசியில் கைத்தொழில் கைகொடுத்தது. நல்ல கறுப்புத் தோலை வெட்டி, புள்ளிக் கண்ணாடிக்கு வெயில் படாமல் ஒரு நீளமான உறை தைத்தார். தையல் ரொம்பப் பிரமாதம். வெயிலிலும் புள்ளி பளிச்சென்று நின்றது. புள்ளியும் குண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றனவா என்று பார்க்க மட்டும் நேரமில்லை. சுட்டுப் பார்க்க மாரீஸ்வரியும் விடவில்லை.

ஞாயிறு, பன்னிரண்டரை மணி. மஞ்சள் பலூனின் நட்டநடுவில் சிவப்புப் புள்ளி உட்கார்ந்திருந்தது. ஞானதுரை சுட்டார். பலூன் லேசாக ஆடியது.

"பலூன் பயந்துட்டு, அத்தான்" என்றான் ராஜசேகர்.

பத்துக் குண்டும் தீர்ந்தன. மஞ்சள் பலூன் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது.

"கல்யாணத்துக்கு முன்னால குறி தப்பாதுன்னு சொன்னியளாமே, அத்தான். எதைச் சுட்டிய?"

ஞானதுரை காலித் துப்பாக்கியால் மறுபடியும் குறிபார்த்தார். ஜெபசெல்வி முன்னால் வந்து துப்பாக்கியை வாங்கினாள். வழக்கமாக அவருக்கு அடுத்தது அவள் முறைதான். தோல் உறையோடு புள்ளிக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"இது எனக்கு மறைக்கி" என்றாள்.

கடகடவென்று பத்துக் குண்டு. ஒரு பலூனும் உடையவில்லை. ராஜசேகர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டான்.

"வெயில் ரொம்பக் கூசுது" என்றாள் அவள்.

"கேட்டியா மாப்ள? அவளே சொல்லுதா" என்றார் ஞானதுரை. போன உயிர் திரும்பி வந்திருந்தது. மனைவியின் தோளைத் தட்டினார். "கையை ரொம்ப இறுக்காதன்னு வருஷா வருஷம் சொல்லுதேன். விடு, எல்லாருக்கும் வராது."

"சரிங்க. அடுத்த வருஷம் பாப்போம்."

பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் புள்ளிக் கண்ணாடியின் ஞாபகம் வந்தது. திரும்பி ஓடினார். தளவாய் பலூன்களை அவிழ்த்துவிட்டு, பின்னால் கட்டியிருந்த தெர்மாகோல் அட்டையை இறக்கிக்கொண்டிருந்தான். கண்ணாடியை எடுத்துக் கொடுத்துவிட்டு, அட்டையில் மஞ்சள் பலூனும் பச்சைப் பலூனும் இருந்த இடங்களுக்கு நடுவே தெரிந்த ஒற்றை ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுக் காட்டினான்.

"மதினி சுட்ட பத்தும் இதுக்குள்ளதான் போயிருக்கு, அண்ணாச்சி. வருஷா வருஷம் இப்படித்தான், உங்களை முந்திரக் கூடாதேன்னு ஒரு பலூன்லயும் படாம சுடுதாவ."