மாத்தே வெந்நீரில் வானத்துக் கல்

சாக்கோ வட்டாரத்தில் இடியே விழுந்தாலும் மதியத் தூக்கத்தை விடமாட்டார்கள். அப்பேர்ப்பட்ட ஊர் கொளுத்தும் வெயிலில் வரிசைகட்டி நின்றது. தோன் ஃபௌஸ்தினோ சிறுகோளின் கல்லை விற்கிறாரே, தூக்கம் வருமா?

ஐஸ்பெட்டிக்குள் கைவிட்டுக் கரிய கட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினார் அவர். "கோடி கோடியா கொட்டி சிறுகோளுக்கு விண்கலம் விடறானுங்க! அந்தக் கல்லை நான் உங்க வாசல்லயே தர்றேன். சர்க்கரை, வாதம், மாமியார் தொல்லை எல்லாம் போயிடும். ஆனா விண்வெளிக் குளிர் கலையக் கூடாது. ஃபிரிட்ஜிலயே வைங்க!"

சர்க்கரைக்கும் மாமியாருக்கும் ஒரே மருந்தா என்று ஒருவரும் கேட்கவில்லை.

வரிசையில் அம்மாவோடு நெலிதாவும் நின்றாள். முதலில் வாங்கிய கல்லுக்கு இடம் வேண்டுமென்று அவள் அம்மா எர்மிந்தா, இன்சுலினை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டாள். வெயிலில் மருந்து கெட்டது. நேற்று மயங்கி விழுந்தாள். இன்று இரண்டாவது கல் வாங்க வந்திருக்கிறாள்!

"ஐயா, வாசலுக்கே வர்ற கல்லுக்கு அவங்க ஏன் அவ்வளவு தூரம் போறாங்க?" என்றாள் நெலிதா.

"காசுத் திமிரு!"

"இல்ல. இங்க விழற கல்லு காத்துல எரியுது, மழையில ஊறுது, நம்ம மண்ணு கலந்துடுது. சூரியக் குடும்பம் பொறந்த காலத்துல இருந்த மாதிரியே பார்க்கணும்னா அங்கதான் போகணும். நாளைக்கு ஒண்ணு நம்ம தலைமேல வந்தா தள்ளிவிடணுமே! அது பாறையா, சரளைக் குவியலான்னு தெரிய வேணாமா?"

"என் கல்லும் எரிஞ்சு வந்ததுதான்மா! பாரு, எப்படிக் கருகியிருக்கு. எரிமலையில போட்டாலும் அசையாது!"

வரிசையில் கைமாறிக்கொண்டிருந்த, மாத்தே என்ற மூலிகைத் தேநீருக்கான வெந்நீர் பிளாஸ்கை நெலிதா பிடுங்கினாள். மாத்தேவுக்கு வெந்நீரைக் கொதிக்கவிடுவது அங்கே பாவம், முன்பே இறக்கிவிடுவார்கள். அதைக் குவளையில் ஊற்றி, அம்மா ஆசையாகப் பொறுக்கிய கல்லை உள்ளே போட்டாள்.

வானத்து நெருப்பைத் தாண்டி வந்த கல், கொதிக்காத வெந்நீரில் களியாகக் குழைந்தது. குப்பென்று நாற்றம் வேறு.

"அடப்பாவி, இது நம்ம ரோட்டுத் தாரு!" என்று கத்தினார் ஒரு லாரிக்காரர். "உருகிடும்னுதான் ஐஸா?"

"கல்லோட சக்தி கோவிச்சுக்கிச்சு..." என்று முனகியபடியே ஃபௌஸ்தினோ பெட்டியைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார்.

குழைந்த கல்லைத் தொட்டு, விரலில் ஒட்டிய தாரைப் பார்த்து எர்மிந்தா அழுதுவிட்டாள். "புது மருந்து வாங்கலாம் வாடி. அந்தப் பழைய கல்லைத் தூக்கிப் போட்டா ஃபிரிட்ஜில இடம் இருக்கு."

சொல்கிறவன் வாயை நம்பாமல் கல்லையே சோதித்துப் பார்க்கத்தான் விஞ்ஞானிகள் கோடிக்கணக்கான மைல் போகிறார்கள். நமக்கு அடுப்படி வரை போகக்கூடவா கால் வலிக்கிறது?