இருநூறு சொற்களுக்குக் குறையாமல் மிரட்டவும்

மனித நாகரிகம் முன்னேறியதற்கு மொழி காரணமே அல்ல, லிஃப்ட்தான் காரணம் என்று மெக்கானிக் சாப்பாட்டு மேசையில் அறிவித்தார்.

"மொழி வந்து எத்தனை ஆயிரம் வருஷம் ஆச்சு? என்ன கிழிச்சுது? லிஃப்ட் நேத்து வந்தது. இன்னிக்கு நாப்பதாவது மாடியில துணி காயுது."

மனைவி ஒரு படிவத்தை விரலால் அவர் தட்டுப் பக்கம் நகர்த்தினாள்.

தொழில் தெரிந்தவர்களைக் குடும்பத்தோடு அழைத்துக்கொள்ளும் வெளிநாடு ஒன்றுக்கு, அதிலும் பிரெஞ்சு பேசும் மாகாணத்துக்கு, அவர்கள் விண்ணப்பித்திருந்தார்கள். மனைவி எக்ஸ்ரே டெக்னீஷியன். பன்னிரண்டு வருடமாக ஜன்னல் இல்லாத அறையில் அடுத்தவர் விலா எலும்பை எண்ணி அலுத்துப்போய், ஜன்னல் உள்ள வேலை உலகத்தில் எங்கோ தனக்கு இருக்கிறது என்று முடிவு செய்திருந்தாள். பிரெஞ்சுத் தேர்விலும் தேறிவிட்டாள். பள்ளியில் படிக்கும் மகள், தான் கனவே பிரெஞ்சில்தான் காண்பதாகச் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த மாகாணம் கேட்டது லிஃப்ட் மெக்கானிக்கை. எனவே விண்ணப்பம் அவர் பேரில். ஆறு மாதத்துக்குள் அவரும் தேறாவிட்டால் மூன்று பேரின் கோப்பும் மூடப்படும்.

"திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பிக்குது. ஒரு கையெழுத்துப் போடுங்க."

"மாட்டேன். பிரெஞ்சுல மேலே போற லிஃப்ட், தமிழ்ல கீழேயா போகுது?"

"அங்க லிஃப்டுக்குள்ள ஆளுங்க இருப்பாங்களேப்பா," என்றாள் மகள்.

"மாட்டிக்கிட்டவன் எந்த மொழியில கத்தினாலும் ஒரே அர்த்தம்தான். இந்த வயசுல பெஞ்சுல உட்கார்ந்து ஆப்பிள், ஆரஞ்சுன்னு ஒப்பிக்கணுமா? அது கிளிப்பிள்ளை வேலை. நான் புகார் குடுக்கப் போறேன். இந்த விதியைப் போட்டவன் எவனோ, அவனை ஒரு வழி பண்ணாம விடமாட்டேன்."

மனைவி படிவத்தை எடுத்து மடித்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து, தேர்வு மையத்தில் குறைதீர்ப்புப் பிரிவு என்று ஒன்று இருப்பதாகச் சொல்லி மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தாள்.

மெக்கானிக் தமிழில் நாலு பக்கம் எழுதினார். பதினேழு இடத்தில் 'அநியாயம்' வந்தது. பதில் பிரெஞ்சில் வந்தது. இரண்டே வரி.

"என்னவாம்?"

"உங்க சண்டை, நீங்களே படிங்க. நடுவுல நான் வந்தா நல்லா இருக்காது."

"அகராதி அலமாரியில மேல் தட்டுல இருக்குப்பா," என்றாள் மகள். "லிஃப்ட் வேணுமா?"

இரண்டு வரிக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. புகார்கள் பிரெஞ்சில் மட்டுமே ஏற்கப்படும் என்று இருந்தது.

மெக்கானிக் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசும் சாந்த சொரூபி. அவர் செய்து கொடுத்த கடிதத்தை மெக்கானிக் அகராதியோடு உட்கார்ந்து சரிபார்த்தார். உட்கார்ந்தவர் எழுந்து நேராக மொழிபெயர்ப்பாளர் வீட்டுக்கே போனார்.

"நான் 'அநியாயம்'னு எழுதினா நீங்க 'சிறு அசௌகரியம்'னு போட்டிருக்கீங்க?"

"அந்த மொழிக்குன்னு ஒரு நாகரிகம் இருக்கு சார்."

"'வெட்கமா இல்லையா'ன்னு கேட்டிருந்தேனே?"

"அந்த இடத்துல, 'தாங்கள் நலம்தானே'ன்னு வருது. ரொம்ப அழகா வந்திருக்கு."

தன் கோபத்தை அடுத்தவன் கையில் கொடுக்கக் கூடாது என்று மெக்கானிக் அன்றைக்குத் தெளிந்தார். தானே எழுதினார். ஐந்து வரி, வரிக்கு மூன்று பிழை.

பதில் வந்தது: 'தங்கள் கோபம் முடிந்துவிட்டதா, நடந்துகொண்டிருக்கிறதா என்பது தெளிவாக இல்லை. திருத்தி அனுப்பவும்.'

"திமிரைப் பார்த்தியா! நடந்துக்கிட்டிருக்கான்னு கேக்குறான்!"

"நடந்துக்கிட்டுதானே இருக்கு? அதையே எழுதிடுங்க."

அந்த வாரம் நிகழ்காலத்தைப் பழிவாங்கும் நோக்கத்தோடு கற்றார். அனுப்பினார். அடுத்த பதில்: 'குறை தீர்க்கப்படாவிட்டால் என்ன செய்வதாக உத்தேசம்? இருநூறு சொற்களுக்குக் குறையாமல் மிரட்டவும்.'

கேட்டதைவிட நாற்பது சொல் கூடுதலாகவே மிரட்டினார். எதிர்காலம் முழுவதும் கைக்கு வந்துவிட்டது.

நாலாவது மாதம் பிரிவு போனில் வந்தது. வாரத்துக்கு ஒரு நாள், நாலு மணி முதல் நாலேகால் வரைதான் அது பேசும். அந்த நேரம் பார்த்து ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. மெக்கானிக் மொட்டைமாடி மெஷின் ரூமில், ஒரு கையில் ஸ்பேனரும் மறு கையில் போனுமாக, கட்டடம் அதிரக் கத்திக்கொண்டிருந்தார்.

"மெக்கானிக் வந்தாச்சா, இல்லையா?" என்று உள்ளே மாட்டியிருந்த அம்மாள் கதவைத் தட்டினாள்.

"வந்துட்டார்மா," என்றார் செக்யூரிட்டி. "வேற ஏதோ நாட்டோட சண்டை போட்டுக்கிட்டிருக்கார். முடிஞ்சதும் உங்களை இறக்கிடுவார்."

'குரல் போதுமானது. உச்சரிப்புதான் எங்களை அச்சுறுத்தவில்லை' என்று சொல்லிவிட்டுப் பிரிவு போனை வைத்துவிட்டது.

மறுநாள் முதல் குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்தோடு வேறு சத்தமும் கேட்டது. மகள் கதவில் காதை வைத்துப் பார்த்தாள்.

"படிக்கிறீங்களாப்பா?"

"படிக்கல. திட்டுறேன்."

கெடு முடியப் பதினோரு நாள் இருக்கும்போது கடைசிக் கடிதம் வந்தது. மெக்கானிக் அகராதியைத் தொடாமலே படித்தார். 'தங்கள் புகாரை நேரில் மட்டுமே விசாரிக்க இயலும். தேர்வுக்குப் பதிந்தவர்களுக்கு மட்டுமே உள்ளே அனுமதி.'

"சதி! இது சதி இல்லாம வேற என்ன?"

மனைவி துவைத்த சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். "போதும், விடுங்க. கோப்பு மூடினா மூடட்டும். என் அறைச் சுவத்துல ஒரு ஜன்னல் வரைஞ்சு ஒட்டிக்கிறேன். படிக்க மாட்டேன்னீங்க, படிக்கல. நீங்கதான் ஜெயிச்சீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. அவள் கோபமாகச் சொல்லவில்லை. சீருடையின் காலரை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆள் மூஞ்சியைப் பார்த்து நாலு வார்த்தை கேக்காம நான் ஜெயிச்சதா ஆகாது," என்றார் கடைசியில். "பேர் பதியறேன். தேர்வுக்காக இல்ல, நல்லா கேட்டுக்கோ. புகாருக்காக."

"சரிங்க."

"தேர்வுன்னு யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது."

"திறக்கலைங்க."

பன்னிரண்டு பக்கப் புகாரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார். முதலில் பெஞ்சில் உட்காரவைத்து வினாத்தாளைக் கொடுத்தார்கள். 'ஏதேனும் ஒரு சேவையின் குறையைச் சுட்டி உரிய அதிகாரிக்குக் கடிதம் எழுதுக.' ஐந்தரை மாதத்தில் முதல்முறையாக மெக்கானிக் சிரித்தார். கூடுதல் தாள் இரண்டு முறை கேட்டு வாங்கினார். வாய்மொழித் தேர்வில் அவரை நிறுத்த மூன்று தடவை மணி அடிக்கவேண்டியிருந்தது. தேர்வாளர்களில் ஒருவர், அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத் தலையாட்டினார்.

மாலையில் முடிவுச் சீட்டு கையில் வந்தது. தேர்ச்சி. கோப்புக்கு வேண்டியதைவிட நாலு புள்ளி அதிகம். மெக்கானிக் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டார். பிறகு முன்வாசல் கவுன்ட்டருக்குப் போய், குறைதீர்ப்புப் பிரிவு எந்த மாடியில் இருக்கிறது என்று குரலை உயர்த்தாமல் சுத்தமான பிரெஞ்சில் கேட்டார்.

கவுன்ட்டர் பெண் பதிவேட்டில் அவர் பேரைத் தேடிக் கண்டுபிடித்து, தமிழிலேயே சொன்னாள்:

"அது புகார்ப் பிரிவு இல்ல சார், எங்க அஞ்சல் வழி வகுப்பு; படிக்கவே மாட்டேன்னு நிக்கிற வீட்டுக்காரங்களுக்குன்னு தனி பேட்ச் நடத்துறோம், உங்க வீட்டம்மா ஆறு மாசம் முன்னாடியே உங்களைச் சேர்த்துவிட்டுட்டாங்க."